புதிதாகக் கிடைத்த பழைய ஜாஸ், ப்ளூஸ் ஒலிப்பதிவுகள்: எதை எடுப்பது, எப்படிக் கேட்பது

"தொலைந்துபோய்க் கிடைத்தது" என்ற அறிவிப்போடு ஜாஸ், ப்ளூஸ் இசைத்தட்டுகள் அடிக்கடி வெளிவருகின்றன. தொலைந்திருந்தது என்பதாலேயே ஒரு பதிவு உயர்ந்ததாகிவிடாது. எனவே கேட்க உட்காருவதற்கு முன்பு, அது எப்போது, எதற்காக, எந்தக் கருவியில் பதிவானது என்பதை உறைக்குறிப்பில் படித்துவிடுங்கள். வானொலி நிலையம் முறையாகப் பதிந்த கச்சேரியையும், தேய்ந்த தட்டிலிருந்து மீட்ட மூன்று நிமிடப் பாட்டையும் ஒரே காதால் கேட்க முடியாது. இந்த விவரங்களைத் தெளிவாகத் தராத வெளியீட்டை நான் கடைசியாகத்தான் எடுப்பேன்.

ஜாஸுக்குப் புதியவர்கள் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்கின் நால்வர் குழு, சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் 1957 நவம்பர் 29 அன்று வாசித்த கச்சேரியிலிருந்து தொடங்கலாம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி பதிவுசெய்த அந்த நாடாக்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் சேமிப்பில் கிடந்தன. 2005இல் அங்கே பணியாற்றிய லாரி ஆப்பல்பாம் அவற்றைக் கண்டெடுக்க, அதே ஆண்டு ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. மாங்கும் கோல்ட்ரேனும் 1957இல் ஃபைவ் ஸ்பாட் என்ற ஜாஸ் விடுதியில் மாதக்கணக்கில் சேர்ந்து வாசித்திருந்தும், அந்த நால்வர் குழு ஸ்டூடியோவில் பதிந்தவை மூன்றே உருப்படிகள். அதனால்தான் இந்த நாடாவுக்கு இவ்வளவு மதிப்பு.

முதல் உருப்படியான "மாங்க்ஸ் மூட்" பெரும்பாலும் பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும் இடையிலான உரையாடல். கோல்ட்ரேன் நீட்டிப் பிடிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் மாங்க் எப்படிச் சுரங்களைச் சரசரவென்று இறக்குகிறார் என்பதை மட்டும் முதல் தடவை கவனியுங்கள். அடுத்து வரும் "எவிடன்ஸ்" உருப்படியில் மாங்கின் கை எப்போது விழுகிறது, எப்போது விழாமல் விடுகிறது என்று பாருங்கள். தாளத்தை விரலால் தட்டிக்கொண்டே கேட்டால், அவர் விடும் இடைவெளிகளை ஷேடோ வில்சனின் டிரம்ஸ் தாங்கி நிற்பது புலப்படும். ஒலி மிகத் தெளிவாக இருப்பதால், எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பழகுவதற்கு இதைவிட நல்ல பதிவை என்னால் சொல்ல முடியவில்லை.

இதற்கு நேர்மாறானது, 1961இல் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபி என்ற ஜாஸ் கலைஞரும் நியூயார்க்கின் வில்லேஜ் கேட் அரங்கில் வாசித்து, 2023இல் வெளிவந்த பதிவு. அரங்கின் புதிய ஒலியமைப்பைச் சோதிப்பதற்காக ரிச் ஆல்டர்சன் என்ற பொறியாளர் ஒரே ஒரு மைக்கைக் கொண்டு அதைப் பதிந்தார். எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் முன்னால் வந்து நிற்க, மற்ற வாத்தியங்களின் சமன் அவ்வப்போது குலைவதற்குக் காரணம் இதுதான். இதைக் குறையாக எண்ணி விலகிவிடாமல், டிரம்ஸையே பிரதான வாத்தியமாக வைத்துக்கொண்டு கேளுங்கள். ஜோன்ஸின் கை இத்தனை அருகில் கிடைப்பது அரிது.

அதே கோல்ட்ரேன் தம் நால்வர் குழுவோடு 1963 மார்ச் 6 அன்று வான் கெல்டர் ஸ்டூடியோவில் பதிந்தது 2018இல் வந்தது. மூல நாடா காணாமற்போக, அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்ற மோனோ (ஒற்றைத் தட ஒலி) நாடா முதல் மனைவி நைமாவின் குடும்பத்தாரிடம் தப்பியிருந்தது. உறையில் "தொலைந்த ஆல்பம்" என்றிருந்தாலும் இதை ஒரு நாள் ஸ்டூடியோ வேலையாகக் கருதுவதே சரி என்பது என் கருத்து. அந்த மனநிலையில், விரிவான பதிப்பில் இருக்கும் "இம்ப்ரெஷன்ஸ்" உருப்படியின் நான்கு டேக்குகளையும் (ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதிந்தவை) ஒரே மூச்சில் கேட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எது மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ப்ளூஸுக்கு வந்தால் வேலை கடினம்; பலனும் பெரிது. சார்லி பேட்டன், சன் ஹவுஸ் போன்றோரைப் பதிவுசெய்த பாரமவுண்ட், விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் கிளை நிறுவனம். அது மலிவான அரக்குக் கலவையில் தட்டு வார்த்தது. அதன் உலோக மூலத்தகடுகளும் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. ஆகவே இன்று நாம் கேட்பது யாரோ ஒருவர் வீட்டில் தேயத் தேய ஓடிய தட்டின் ஒலி. அங்கே பதிந்த இன்னொரு ப்ளூஸ் கலைஞரான வில்லி பிரவுனின் ஒரு தட்டு இன்றுவரை ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை.

இரைச்சலை முழுக்கத் துடைத்தெடுத்த பதிப்பைத் தவிர்த்துவிடுங்கள். இரைச்சலோடு தந்தி மீட்டலின் கூர்மையும் போய்விடும். ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகள் கிடைத்தால், விரல் தந்தியைத் தொடும் கணம் எதில் தெளிவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டன் 1929இல் பதிந்த "எ ஸ்பூன்ஃபுல் ப்ளூஸ்" பாட்டைப் போடுங்கள். வரியின் முடிவில் வரவேண்டிய "ஸ்பூன்ஃபுல்" என்ற சொல்லைப் பல இடங்களில் அவர் பாடுவதில்லை. கிதார்த் தந்தியில் வழுக்கிச் செல்லும் ஒரு சுரம் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறது. கீறல் ஓசைக்கு நடுவே இதைப் பிடித்துவிட்டால், பிறகு கீறல் காதில் உறுத்தாது.

சன் ஹவுஸை இரண்டு காலங்களில் வைத்துக் கேட்கும் வாய்ப்பும் இருக்கிறது. 1930இல் பாரமவுண்டுக்காகப் பதிந்த "ப்ரீச்சின் தி ப்ளூஸ்", தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே கொள்ளும் என்பதால் இரு பக்கங்களாகப் பிளக்கப்பட்டது. இசையை விட்டு நெடுங்காலம் விலகியிருந்த அவரை 1964இல் ரசிகர்கள் ரோச்செஸ்டரில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் இண்டியானாவின் வாபாஷ் கல்லூரியில் அவர் வாசித்தது 2022இல்தான் வெளிவந்தது; அதிலும் அந்தப் பாட்டு உண்டு. முதலில் பழையது, உடனே புதியது என்று கேளுங்கள். குரலின் ஆவேசம் தணிந்திருக்கும் இடங்களில் கிதார் எவ்வளவு பேசுகிறது என்பதே இதில் கவனிக்கவேண்டியது.

இவற்றோடு இன்றைய பதிவுகளையும் கலந்தே கேளுங்கள். ப்ளூஸ் கலைஞர் ஆர்.எல். பர்ன்சைடின் பேரன் செட்ரிக் பர்ன்சைட் 2021இல் வெளியிட்ட "ஐ பீ ட்ரையிங்" ஆல்பத்தில், மிசிசிப்பி மலைநாட்டு ப்ளூஸின் சுழன்று சுழன்று வரும் தாளத்தைக் கீறல் ஏதுமின்றிக் கேட்கலாம். பேட்டன் பிடிபடாதவர்கள் முதலில் இவரைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம். ஜாஸில் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் இம்மானுவேல் வில்கின்ஸ் 2022இல் தந்த "தி செவன்த் ஹேண்ட்" ஏழு பகுதிகளாலான ஒரே தொடர். கடைசிப் பகுதி, முன்கூட்டி எழுதிவைத்தது ஏதுமின்றி ஏறத்தாழ 26 நிமிடம் அவர் குழுவின் நால்வரும் அங்கேயே உருவாக்கும் இசை. அதைத் தனியாகத் தொடாமல், முதல் ஆறு பகுதிகளைக் கேட்ட கையோடு நுழையுங்கள். முன்பு கேட்ட தாள அமைப்புகள் அங்கே ஒவ்வொன்றாகக் கழன்று விழுவது அப்போதுதான் காதில் படும்.