உங்கள் ஏரியா பூங்காவுக்கு ஊருக்கு உழைத்தவர் பெயரை வைப்பது எப்படி?

பலகையில் "மாநகராட்சிப் பூங்கா" என்று மட்டும் எழுதியிருக்கும் பார்க் எத்தனையோ இருக்கிறது. அதே தெருவில், வெள்ளத்தில் ஆட்களைத் தூக்கிக் கரை சேர்த்த ஒரு மீனவரோ, காசு வாங்காமல் பிள்ளைகளுக்கு இரவில் பாடம் எடுத்த ஒரு டீச்சரோ, எல்லையில் உயிரைக் கொடுத்த ஒரு சிப்பாயோ வாழ்ந்திருப்பார். அவர் பெயரை அந்தப் பூங்காவுக்கு வைக்க முடியுமா என்றால் முடியும், மந்திரி யாரையும் தெரியாமலே முடியும், ஆனால் காகிதம் சரியாக இருக்க வேண்டும், விடாமல் அலைய ஆள் வேண்டும். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள். பலர் இதை விட்டுவிட்டு நேராகக் கையெழுத்து வேட்டைக்குப் போய்விடுகிறார்கள். பார்க் மாநகராட்சியுடையதாக இருக்கலாம், நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, வீட்டு வசதி வாரியம், தோட்டக்கலைத் துறை என்று யாருடையதாகவும் இருக்கலாம். லேஅவுட் பார்க் என்றால் இன்னும் கவனம் தேவை. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும், பல இடங்களில் வேலி போட்டு ஊஞ்சல் வைத்திருப்பார்கள், பத்திரம் மட்டும் பதிவாகியிருக்காது. உள்ளாட்சியின் கைக்கு வராத இடத்துக்குக் கவுன்சிலர்கள் கூடும் மன்றம் பெயர் வைக்க முடியாது. சர்வே எண்ணைக் கண்டுபிடித்து அரசின் இணையதளத்தில், நிலம் யாருடையது என்று காட்டும் 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். அதோடு ஒரு தகவல் உரிமை மனுவும் போட்டுவிடுங்கள்: இந்தப் பூங்கா யார் பராமரிப்பில் இருக்கிறது, தானப் பத்திர எண் என்ன, ஏற்கெனவே ஏதாவது பெயர் சூட்டித் தீர்மானம் போட்டிருக்கிறார்களா. 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் பலகை விழுந்துபோன பழைய பெயர் ஃபைலில் உயிரோடு இருந்தால் உங்கள் வேலை பெயர் சூட்டுவது அல்ல, மாற்றுவது. அது ரொம்பக் கடினம், அந்தப் பழைய ஆளும் யாரோ ஒருவருக்கு வேண்டியவர்தானே.

அடுத்து, யார் பெயர். இங்கே அவசரமே கூடாது. காலமானவராக இருப்பது நல்லது, குடும்பத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது அவசியம். அவர்கள் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், இறந்தவர் மீது நம்மைவிட அவர்களுக்குத்தான் உரிமை. சாதிப் பட்டம் ஒட்டிய பெயராக இருந்தால் அதை எடுத்துவிட்டுக் கேளுங்கள், சம்மதம் வாங்கும்போதே குடும்பத்திடம் இதையும் பேசிவிடுவது நல்லது. அப்புறம் சான்றுகள்: இறப்புச் சான்று, பழைய பத்திரிகைச் செய்தி, வேலை பார்த்த பள்ளியின் கடிதம், ராணுவ விருது என்றால் அதன் விவரம். ஒரு மேஜர் சரவணனுக்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. 1999 மே மாதம் கார்கில் போரில் படாலிக் பகுதியில் உயிர் கொடுத்தவர், வீர் சக்ரா பெற்றவர், திருச்சியில் நினைவிடமே இருக்கிறது. உங்கள் தெரு டீச்சருக்கு அப்படி எதுவும் இருக்காது. அதனால் அவரிடம் படித்த பத்துப் பேரிடம் ஆளுக்கு அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள், பெயர், முகவரி, கையெழுத்தோடு. ஃபைலைப் படிக்கும் அதிகாரிக்கு அந்த ஆளைக் காட்டப்போவது அந்தப் பத்துக் கடிதங்கள்தான்.

பெயரை எப்படி வைப்பது என்பதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். சென்னை அண்ணா நகரில் 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கோபுரம் கட்டிய பூங்காவின் பெயர் டாக்டர் விஸ்வேஸ்வரய்யா கோபுரப் பூங்கா. யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எல்லோருக்கும் டவர் பார்க். தி.நகரில் நடேசன் பார்க் என்பது ஆட்டோக்காரர் முதல் எல்லோர் வாயிலும் வருகிறது, பெயர் சின்னது. ஆனால் அந்த நடேசன் யார் என்று அங்கே நடை போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். டாக்டர் சி. நடேசனார், திருவல்லிக்கேணியில் 1916இல் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கத் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தியவர், நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பக்கத்தில் பனகல் பார்க், தினமும் ஆயிரக்கணக்கானோர் சொல்லும் பெயர். பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்து இந்து அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் என்பது அதில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஜனங்கள் அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயர், பட்டங்களை எல்லாம் கழற்றிவிட்டு: "மேரி டீச்சர் பூங்கா" போல, பஸ்ஸில் கேட்டால் இறங்க வேண்டிய இடம் புரிகிற மாதிரி. இன்னொன்று, அவர் என்ன செய்தார் என்று சொல்லும் ஒரு கல். மனுவிலேயே இரண்டையும் எழுதிவிடுங்கள், பின்னால் கேட்டால் அதற்கு இன்னொரு ஃபைல் திறப்பார்கள்.

ஆதரவு திரட்டும்போது எண்ணிக்கையைவிட யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது முக்கியம். பார்க்கைச் சுற்றியுள்ள வீடுகள், காலையில் நடக்க வருபவர்கள், கேட் பக்கத்து டீக்கடைக்காரர், அங்கே கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள். கதவு எண், வார்டு எண்ணோடு வாங்குங்கள். குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் அதில் தீர்மானம் போட்டு நகல் இணையுங்கள். யாராவது எதிர்த்தால் அவர் வீட்டுக்கே போய்ப் பேசுங்கள், மன்றக் கூட்டத்தில் திடீரென்று கிளம்பும் எதிர்ப்பைவிட அது எவ்வளவோ மேல்.

மனுவைக் கமிஷனருக்கும் மேயருக்கும் எழுதி, நகலைக் கவுன்சிலருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் கொடுங்கள். சுற்றி வளைக்காமல், "இந்த வார்டில், இந்தத் தெருவில், இந்த சர்வே எண்ணில் உள்ள பூங்காவுக்கு இன்னார் பூங்கா என்று பெயர் சூட்ட மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், வாழ்க்கை வரலாறு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள். கவுன்சிலர் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள், மன்றத்தில் எழுந்து பேசப்போகிறவர் அவர்தான். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது இதை எழுப்பி, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கிராமம் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது, அதில் தீர்மானமாகப் போடுங்கள்.

மன்றத்தில் தீர்மானம் வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பெயர் சூட்டும் விஷயங்கள் அரசின் ஒப்புதலுக்கும் போகும், ஃபைல் தூங்குவது பெரும்பாலும் அங்கேதான். தீர்மான எண்ணும் தேதியும் கையில் இருந்தால் முதல்வரின் உதவி எண்ணான 1100க்கு போன் செய்தோ, மறுபடி ஒரு தகவல் உரிமை மனு போட்டோ எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்கலாம். மறைந்த நடிகர் விவேக்கின் மனைவி 2022இல் முதலமைச்சரிடம் நேரில் மனு கொடுத்தார், சீக்கிரத்திலேயே விவேக் வாழ்ந்த விருகம்பாக்கம் தெருவுக்குச் சின்னக் கலைவாணர் விவேக் சாலை என்று பெயர் வந்தது. எல்லோரும் அறிந்த முகத்துக்கு அந்த வேகம் கிடைக்கும். நம் ஆளுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தேர்தல் நடத்தை விதிகள் வந்துவிட்டால் முடியும்வரை எதுவும் நகராது, அதையும் கணக்கில் வையுங்கள்.

சிலை கேட்காதீர்கள். பொதுச்சாலைகளில் சிலை வைக்க உச்ச நீதிமன்றம் 2013இலேயே தடை போட்டது. பார்க்குக்குள் என்றாலும் சிலைக்குத் தனி அனுமதி, தனிச் செலவு, தனிச் சண்டை, அதில் பெயரும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். கல்லே போதும். ஃப்ளெக்ஸ் ஒரு வெயிலுக்குத் தாங்காது, கருங்கல்லில் தமிழ் மேலே பெரிதாக வரட்டும். பிறந்த வருஷம், மறைந்த வருஷம், செய்த காரியம் நாலு வரியில், ஐந்தாவது படிக்கும் பிள்ளை நின்று வாசிக்கிற மாதிரி. திறந்து வைத்தவர் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தால் போதும் என்று வடிவத்தை நீங்களே வரைந்து கொடுத்துவிடுங்கள். கல்லின் செலவை ஊரே ஏற்கும் என்று எழுதிக் கொடுத்தால் வேலை சுலபமாகும், பார்க்கையும் சேர்த்துச் சீரமைக்க வேண்டுமென்றால் நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட வழி இருக்கிறது.

பெயர் வந்த அன்றே கூகுள் மேப்பில் திருத்தம் அனுப்புங்கள், கல்யாணப் பத்திரிகையிலும் கூரியர் முகவரியிலும் "பூங்கா எதிரில்" என்று போடுகிறவர்களிடம் புதுப் பெயரைப் போடச் சொல்லுங்கள். தீர்மான நகலை மூன்று பிரதி எடுத்து ஒன்றைக் குடும்பத்திடம், ஒன்றைச் சங்கத்திடம், ஒன்றைப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்து வையுங்கள். சில வருஷம் கழித்துச் சீரமைப்பு என்று ஒரு கான்ட்ராக்டர் வந்து கல்லைப் பெயர்த்து ஓரமாகப் போடுவார், அன்றைக்கு அந்த நகலைக் காட்டித்தான் அதைத் திரும்ப நட வைக்க முடியும்.