ஆபீஸ் போன் ரிப்பேருக்குப் போகும்போது

கிண்டியில் எங்கள் கம்பெனி ஃபீல்டு ஸ்டாஃபின் போன்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன் ஆன் ஆகவில்லை என்றால் பலரும் நேராக ரிச்சி ஸ்ட்ரீட் ரிப்பேர் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கேட்பார்கள்: "டம்ப் எடுத்து வெச்சிக்கவாண்ணா?" டம்ப் என்றால் போன் மெமரியின் முழு நகல். சாஃப்ட்வேர் போடும்போது சொதப்பினால் பழையபடி ஏற்றத்தான் கேட்கிறார்கள். ஆபீஸ் போனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கறுத்துப்போன போனைக் கம்ப்யூட்டரில் செருகினால் டிவைஸ் மேனேஜரில் 'க்யூடிலோடர் 9008' என்று ஒரு வரி வரலாம். குவால்காம் சிப்பின் அவசரகால மோடு அது. ஆண்ட்ராய்டு இன்னும் எழவே இல்லை. அதனால் யுஎஸ்பி தடை, டீபக்கிங் தடை என்று நாம் கன்சோலில் (கம்பெனி போன்களை ஆபீஸிலிருந்தே கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேர்) போட்ட பாலிசி எதுவும் அங்கே செல்லாது. அந்த மாடலுக்கான லோடர் ஃபைல் (அந்த மோடில் போனோடு பேச உதவும் சின்ன புரோகிராம்) கையில் இருந்தால் பார்ட்டிஷன்களை, அதாவது மெமரியின் தனித்தனிப் பகுதிகளை, நகலெடுக்கலாம், மாற்றியும் எழுதலாம். சில பழைய மீடியாடெக் சிப்களில் பூட் ரோமிலேயே (சிப்பில் நிரந்தரமாகப் பதித்த முதல் புரோகிராம்) ஓட்டை. எந்த அப்டேட்டாலும் அடைக்க முடியாது.

படம், மெயில் இருக்கும் யூசர்டேட்டா பகுதி ஓரளவு பத்திரம். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து என்கிரிப்ஷன் கட்டாயம். அதன் சாவி அந்தப் போனின் சிப்பை விட்டு வெளியே வராது. என் பயமெல்லாம் எஃப்ஆர்பி பூட்டும் (ரீசெட் செய்தபின் பழைய கூகுள் கணக்கைக் கேட்பது) ஐஎம்இஐ-யும் (போனின் அடையாள எண்) இருக்கும் பகுதிகள் மேல்தான். ஐஎம்இஐ-யை மாற்றுவது 2023 டெலிகாம் சட்டத்தின்படி குற்றம். போன் கம்பெனி பெயரில் இருந்தால் போலீஸ் முதலில் நம்மைத்தான் கேட்கும்.

கொடுக்கும் முன், போனுக்கு உயிர் இருந்தால் கன்சோலிலிருந்து வைப் செய்யுங்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். செத்த போனுக்கு அனுப்பிய வைப் 'பெண்டிங்' என்றே நிற்கும், நெட் கிடைக்கும் வரை போய்ச் சேராது. அதை நம்பி உட்காராமல், அந்தப் போனின் விபிஎன், வைஃபை சான்றிதழ்களை சர்வரில் உடனே ரத்து செய்து, மெயில் லாகினையும் வெளியேற்றுங்கள். டம்ப் யார் கையில் இருந்தாலும் அதிலிருந்து நம் நெட்வொர்க்குக்குள் நுழைய வழி இருக்காது. ஜீரோ டச் பதிவை மட்டும் தொடாதீர்கள்; ரீசெட் செய்தாலும் போனைத் திரும்ப நம் கன்சோலுக்குள் கொண்டுவருவது அதுதான்.

திரும்பி வந்ததும் *#06# அடித்து, பெட்டியில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். போர்டு மாற்றினால் எண் மாறும். அப்படியானால் பில்லில் புது எண் இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போது பூட்லோடர் (ஆண்ட்ராய்டை எழுப்பும் புரோகிராம்) திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை வந்தாலோ, சாம்சங்கின் டவுன்லோடு மோடில் நாக்ஸ் வாரண்டி எண் (சிஸ்டத்தை மாற்றினால் மாறிவிடும் அடையாளம்) பூஜ்யமாக இல்லாவிட்டாலோ அந்தப் போனை மறுபடி கன்சோலில் என்ரோல் செய்யாதீர்கள். ஸ்டாஃபுக்கு வேறு போன் கொடுங்கள்.