மொனேரோ நோடும் உள்ளே வராத இணைப்பும்: என் அனுபவம்

வெள்ளவத்தை வீட்டில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தின் நோட் ஓட்டுகிறேன்; அதாவது அதன் பரிவர்த்தனைப் பதிவை வைத்து மற்ற கணினிகளுடன் பகிரும் கணினி. பிளாக்குகள் (பரிவர்த்தனைத் தொகுப்புகள்) ஒழுங்காக இறங்கின. ஆனால் ஸ்டேட்டஸ் பார்த்தால் எப்போதும் வெளியே போகும் இணைப்புகள் 12, உள்ளே வருபவை 0. மற்ற நோடுகள் என்னிடம் வர முடியாவிட்டால் வலையமைப்புக்கு அரைப் பயன்தான்.

ரவுட்டரில், மொனேரோ நோடுகள் இணையும் 18080 போர்ட்டைத் திறந்தேன். ஃபயர்வாலை நிறுத்தினேன். ரவுட்டரையே மாற்றினேன். நான்கு நாள் போயிற்று.

அப்புறம்தான் ரவுட்டர் காட்டும் வெளி ஐபி முகவரி 100.72 என்று தொடங்குவதைக் கவனித்தேன். இணையத்தில் தெரியும் என் ஐபியோ வேறு. 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் சிஜிநாட் முறைக்கு ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து வரும் இணைப்பு என் ரவுட்டரை எட்டவே இல்லை. இங்கே எதைத் திறந்து என்ன?

இணைய நிறுவனத்திடம் தனிப் பொது ஐபி கேட்டு வாங்கி, ரவுட்டரை மறுபடி போட்டேன். அரை மணிக்குள் உள்ளே 3. பெரிய நிம்மதி.