முதல் ஏ.ஏ. கூட்டத்துக்கு முன் ஒரு போன்

குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் கூட்டத்துக்கு முதல் தடவை போகும் முன், அவர்களின் உதவி எண்ணில் கூப்பிட்டு, "ஓப்பன் மீட்டிங்கா, குளோஸ்டு மீட்டிங்கா? தமிழில் நடக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். ஓப்பன் என்றால் மனைவியோ அண்ணனோ கூடவே உட்காரலாம். குளோஸ்டு என்றால் குடியை நிறுத்த நினைப்பவருக்கு மட்டும். தெரியாமல் துணைக்கு ஆளோடு போய் வாசலில் பிரிய நேர்ந்தால், தயங்கித் தயங்கி வந்தவர் அப்படியே திரும்பிவிடக்கூடும். அவரை இன்னொரு நாள் கிளப்புவது பெரும்பாடு. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டாம், பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர் வரவே மறுத்தால், குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன.

தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தி, கை நடுக்கமோ வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.