சோலார், காத்தாடி ஷேர் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த வேலைய முடிங்க

2008 ஜனவரில காத்தாடி செய்யற சுஸ்லான் கம்பெனியோட ஷேர் 400 ரூபாய்க்கு மேல. 2020 மார்ச்ல அதே ஷேர் 2 ரூபாய்க்கும் கீழ. நடுவுல காத்தாடி சுத்துறது நின்னு போச்சான்னா அதெல்லாம் இல்ல, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், உடுமலை பக்கம் போனா தெரியும், மே மாசம் ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் சும்மா பிச்சிக்கிட்டு ஓடுது, நாட்டுல காத்தாலை கெப்பாசிட்டியும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. டெக்னாலஜி ஜெயிச்சுது, ஷேர் வச்சிருந்தவன் தோத்தான். இந்த ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சுதான் நம்மாளுங்க முக்காவாசி பேரு மாட்டுறாங்க.

"க்ளீன் எனர்ஜிதான் எதிர்காலம், அதனால இந்த ஷேர் ஏறும்"னு டெலிகிராம்ல எவனாவது சொன்னா முதல் பாதி சரி, ரெண்டாவது பாதிக்கு நீங்கதான் வீட்டுப்பாடம் பண்ணணும். அது எப்படின்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். நான் செபில, அதாவது பங்குச்சந்தைய கண்காணிக்கிற அமைப்புல, பதிஞ்ச அட்வைசர் இல்ல, எந்த ஷேரையும் வாங்குன்னும் சொல்லல வித்துடுன்னும் சொல்லல.

முதல்ல அந்த கம்பெனி எதுல காசு பாக்குதுன்னு ஒரே வரில எழுதிப் பாருங்க. எழுத வரலன்னா அங்கயே நிறுத்திக்கலாம். "கிரீன் எனர்ஜி"ங்கற ஒரே பேர்ல நாலு வேற வேற தொழில் இருக்கு. கரண்ட் உற்பத்தி பண்ணி விக்கிறவங்க, என்டிபிசி கிரீன், அதானி கிரீன் மாதிரி, இவங்களுக்கு 25 வருஷ ஒப்பந்தம், வாடகை வர்ற மாதிரி வருமானம், ஆனா கடன் தலைக்கு மேல இருக்கும், வட்டி ஏறுனா லாபம் இறங்கும். பேனல், டர்பைன் செய்யறவங்க, வாரி, பிரீமியர், சுஸ்லான் மாதிரி, இது ஃபேக்டரி தொழில், விலை ஏறி இறங்குறதுதான் இவங்க தலையெழுத்து. அப்புறம் ப்ராஜெக்ட் கட்டிக் கொடுக்கிற இபிசி கான்ட்ராக்ட்காரங்க, மார்ஜின் ரொம்ப கம்மி, ஒரு ப்ராஜெக்ட் இழுத்தடிச்சா போச்சு. கடைசியா கடன் கொடுக்கிற ஐரிடா, பிஎஃப்சி, ஆர்இசி மாதிரி ஆளுங்க, இவங்கள பேங்க் ஷேர் பாக்குற மாதிரி வாராக்கடன் எவ்வளவுன்னுதான் பாக்கணும், எவ்வளவு மெகாவாட்டுன்னு பாத்து பிரயோஜனம் இல்ல. நாலையும் ஒரே பிஇ ரேஷியோவ, அதாவது ஷேர் விலை லாபத்த மாதிரி எத்தன மடங்குங்கற கணக்க, வச்சு கம்பேர் பண்ணி வீடியோ போடுறவங்க கிட்ட இருந்து தள்ளியே இருங்க.

பேனல் செய்யற கம்பெனின்னா ஒரு விஷயத்த மண்டைல ஏத்திக்கோங்க, இந்த தொழில்ல முன்னேற்றம்னாலே விலை குறையறதுதான். 2015ல கமுதி 648 மெகாவாட் சோலார் ப்ராஜெக்டுக்கு யூனிட்டுக்கு 7 ரூபா 1 பைசாங்கற ரேட்ல தமிழ்நாடு மின்வாரியத்தோட ஒப்பந்தம் போட்டாங்க. 2017 மேல ராஜஸ்தான் பத்லா ஏலத்துல 2.44க்கு வந்துச்சு. 2020 டிசம்பர்ல குஜராத் ஏலத்துல 1.99. அஞ்சு வருஷத்துல மூணுல ஒரு பங்குக்கும் கீழ. கரண்ட் வாங்கறவனுக்கு கொண்டாட்டம், ஆனா நேத்து விலைல மெஷின் வாங்கி ஃபேக்டரி போட்டவன் இன்னைக்கு விலைல விக்கணும். 2011ல அமெரிக்காவுல சொலிண்ட்ரா அப்படித்தான் போச்சு, 53.5 கோடி டாலர் கடனுக்கு அரசாங்கமே கேரண்டி நின்னும் திவாலாச்சு, ஏன்னா அவங்க சிலிக்கான் விலை ஒசரத்துலயே இருக்கும்னு நம்பி சிலிக்கான் இல்லாத வேற மாதிரி பேனல் செஞ்சாங்க, சிலிக்கான் விலை பொத்துனு விழுந்துடுச்சு. இவ்வளவு ஏன், உலகத்துலயே பெரிய சோலார் கம்பெனிங்கள்ல ஒன்னான சீனாவோட லாங்கியே 2024ல நஷ்டம்தான் காட்டுச்சு.

நம்ம ஊர்லயும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. அரசாங்க ப்ராஜெக்டுக்கு எந்த பேனல் போடலாம்னு ஏஎல்எம்எம்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல சேந்த ஃபேக்டரிங்களோட மொத்த கெப்பாசிட்டி 2025 ஆகஸ்ட்ல 100 ஜிகாவாட்ட தொட்டுச்சு. அதுக்கு முந்தி முடிஞ்ச 2024-25 நிதியாண்டுல நாடு முழுக்க புதுசா போட்ட சோலார் 24 ஜிகாவாட் பக்கம்தான். மிச்சம் எங்க போகும்? எக்ஸ்போர்ட்னு சொல்லுவாங்க, அமெரிக்கா வரி போட்டா அதுவும் ஆட்டம் காணும். அதனால வருஷ அறிக்கைல "கெப்பாசிட்டி" என்னன்னு பாத்துட்டு வாய பொளக்காம, அதுல எத்தன சதவீதம் ஓடுது, செல்லையும் இவங்களே செய்யறாங்களா இல்ல வெளிநாட்டு செல்ல வாங்கி இங்க ஒட்டி பேனல்னு விக்கிறாங்களான்னு பாருங்க. 2026 ஜூன்ல இருந்து செல்லுக்கும் இதே மாதிரி லிஸ்ட்னு அரசாங்கம் அறிவிச்சிருக்கு, செல் ஃபேக்டரி வச்சிருக்கறவனுக்கு அது லாபம், வெறும் பேனல் ஒட்டுறவனுக்கு தலைவலி.

இதுலயே அடுத்த கேள்வியும் வந்துடுது, இந்த லாபம் அரசாங்க ரூல்ஸால வருதா, இல்ல கம்பெனி கெட்டிக்காரத்தனத்தால வருதா? 2022 ஏப்ரல்ல இறக்குமதி பேனலுக்கு 40, செல்லுக்கு 25 சதவீதம் சுங்கவரி போட்டாங்க, அதுக்கப்புறம்தான் இங்க பேனல் கம்பெனிங்க லாபம் குதிச்சுது. காத்தாலைலயும் இதே கததான். கோவை திருப்பூர் மில்லுக்காரங்க காத்தாடி போட்டது கரண்ட் செலவ குறைக்க மட்டும் இல்ல, முதல் வருஷமே 80 சதவீதம் தேய்மானம் காட்டி வருமான வரிய குறைக்கலாம்னும்தான். 2012ல அத 15ஆ குறைச்சாங்க, சந்தை சுருங்கிடுச்சு, 2014ல திரும்ப 80 கொடுத்தாங்க, 2017ல 40 ஆக்கிட்டாங்க. அதே 2017ல நிலையான ரேட்டும் போய் ஏலம் வந்துச்சு, முதல் ஏலத்துலயே யூனிட் 3.46க்கு இறங்கிடுச்சு. ஒரு கையெழுத்துல வந்த லாபம் இன்னொரு கையெழுத்துல போயிடும்.

இப்போ கரண்ட் விக்கிற கம்பெனிங்க. இங்க ஒரே ஒரு கேள்விதான் முக்கியம், யாரு வாங்குறா, எப்போ காசு கொடுக்குறா? வாங்கறது பெரும்பாலும் மாநில மின்வாரியங்க, அவங்க நெலம நமக்கு தெரியாததா. 2022ல மத்திய அரசு தாமதக் கட்டண விதிகள் கொண்டு வந்தப்போ நாடு முழுக்க மின்வாரியங்க வச்சிருந்த பழைய பாக்கி 1 லட்சம் கோடிக்கு மேல, தவணைல கட்டச் சொல்லித்தான் தீத்தாங்க. அதனால பேலன்ஸ் ஷீட்ல "டிரேட் ரிசீவபிள்ஸ்"னு ஒரு வரி இருக்கும், அத வருஷ வருமானத்தால வகுத்து 365ஆல பெருக்குங்க, எத்தன நாள் பாக்கின்னு வந்துடும். மூணு வருஷத்துக்கு போட்டுப் பாருங்க, நாள் கூடிக்கிட்டே போனா லாபம் பேப்பர்ல மட்டும்தான் இருக்குன்னு அர்த்தம்.

ஒப்பந்த ரேட் ஒசரமா இருந்தா நல்லதுன்னும் நெனச்சுடாதீங்க. 2019ல ஆந்திராவுல ஆட்சி மாறுனதும் பழைய காத்தாலை, சோலார் ஒப்பந்தங்கள்ல ரேட் ஜாஸ்தின்னு சொல்லி குறைக்கச் சொன்னாங்க, கம்பெனிங்க கோர்ட்டுக்கு போய், 2022ல தான் ஐகோர்ட் ஒப்பந்தப்படி காசு கொடுன்னு சொல்லுச்சு. மூணு வருஷம், அதுவரைக்கும் பேங்க் வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதோட "ஏலத்துல ஜெயிச்சோம்"னு நியூஸ் வந்த அன்னைக்கே ஷேர் ஏறும் பாருங்க, அதுல இருக்குறது வெறும் அவார்டு லெட்டர்தான், கரண்ட் விக்கிற ஒப்பந்தம் இல்ல. 2025ல அந்த மாதிரி ஏலம் முடிஞ்சும் வாங்க ஆள் கையெழுத்து போடாம நின்னது 40 ஜிகாவாட்டுக்கு மேல. கம்பெனி அனலிஸ்டுங்க கூட போன்ல பேசுற கான்கால் டிரான்ஸ்கிரிப்ட எக்ஸ்சேஞ்ச் வெப்சைட்லயே போடுறாங்க, ஓசிதான், அதுல "பிபிஏ (கரண்ட் விக்கிற ஒப்பந்தம்) சைன் ஆனது எவ்வளவு"னு யாராவது ஒரு அனலிஸ்ட் கண்டிப்பா கேட்டிருப்பாரு, பதில் நேரா வருதா சுத்தி வளைச்சு வருதான்னு படிங்க.

ஆர்டர், எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) விஷயத்துல ஜென்சால்ங்கற கம்பெனியோட கேஸ கட்டாயம் படிச்சிடுங்க, 2025 ஏப்ரல் 15 தேதியிட்ட செபி இடைக்கால உத்தரவு செபி வெப்சைட்லயே இருக்கு, த்ரில்லர் நாவல் கெட்டுச்சு போங்க. சோலார் கம்பெனி, எலக்ட்ரிக் கார் லீசிங்னு பெருசா பேசுனாங்க, 30,000 காருக்கு முன்பதிவு வந்திருக்குன்னு எக்ஸ்சேஞ்சுக்கு சொன்னாங்க. செபி தோண்டிப் பாத்தா ஒம்போது கம்பெனியோட 29,000 காருக்கு எம்ஓயூ, அதுல விலையும் இல்ல, டெலிவரி தேதியும் இல்ல, விருப்பம் தெரிவிச்ச பேப்பர் அவ்வளவுதான். புனே பக்கம் இருக்குற கார் ஃபேக்டரிக்கு என்எஸ்இ ஆள் நேர்ல போனாரு, உள்ள ரெண்டு மூணு கூலியாட்கள்தான், உற்பத்தி எதுவும் நடக்கல. அவரு அடுத்து என்ன கேட்டாரு தெரியுமா, கரண்ட் பில்! பன்னெண்டு மாசத்துலயே அதிகமான பில்லு 1.57 லட்சம் ரூபா. கார் செய்யற ஃபேக்டரிக்கு! இன்னொரு பக்கம் ஐரிடா, பிஎஃப்சி கிட்ட இருந்து 6,400 காருக்குன்னு 663.89 கோடி கடன் வாங்கி, வாங்குன கார் 4,704ன்னு அந்த உத்தரவே சொல்லுது, காசு ஒரு பகுதி குர்கான்ல ஆடம்பர ஃப்ளாட் வாங்குற வரைக்கும் சுத்திப் போயிருக்குன்னும் சொல்லுது. 2024ல 1,000 ரூபாய்க்கு மேல இருந்த ஷேர் அது.

நம்மளால புனேக்கு போய் கரண்ட் பில்லு கேக்க முடியாது, ஆனா வீட்ல உக்காந்தே பாக்கக் கூடியது ரெண்டு இருக்கு. ஒன்னு, ப்ரொமோட்டர் அடகு. பிஎஸ்இ சைட்ல கம்பெனி பேரப் போட்டு ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன் எடுத்தா ப்ரொமோட்டர் தன் பங்குல எவ்வளவு அடகு வச்சிருக்காருன்னு இருக்கும், ஜென்சால்ல பெரும்பகுதி அடகுலதான் கெடந்துச்சு. ரெண்டு, லாபமும் செயல்பாட்டுல இருந்து வர்ற ரொக்கமும், அதாவது கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்ல முதல் பகுதி. லாபம் வருஷா வருஷம் ஏறி ரொக்கம் மைனஸ்லயே இருந்தா கிளம்பிடுங்க.

திரும்ப சுஸ்லானுக்கு வர்றேன், ஏன்னா பாடம் இன்னும் முடியல. துளசி தாந்தி குஜராத்ல துணி மில் நடத்துனவரு, கரண்ட் செலவு தாங்காம காத்தாடி வாங்கப் போய் 1995ல அதையே தொழிலாக்குனாரு, ஆள் கெட்டிக்காரருதான். 2007ல ஜெர்மனியோட ரீபவர்ங்கற காத்தாடி கம்பெனிய கடன வாங்கி புடிச்சாங்க, அடுத்த வருஷமே உலகப் பொருளாதாரம் சாய்ஞ்சுது, அமெரிக்காவுல பிளேடு வெடிப்பு பிரச்சனை வேற, 2012ல வெளிநாட்டு பாண்டுக்கு கட்ட வேண்டிய 20 கோடி டாலருக்கு மேல கட்ட முடியல. 2015ல அந்த ஜெர்மன் கம்பெனியவே வித்தாங்க. அப்புறம் கடன ஷேரா மாத்தி, புது ஷேர் வெளியிட்டு மெல்ல எழுந்து 2024ல 80 ரூபா தாண்டுச்சு. "திரும்பி வந்துடுச்சு பாத்தியா"ன்னு சொல்றவங்க கிட்ட ஷேர் எண்ணிக்கைய கேளுங்க. 2008ல 150 கோடி ஷேர் பக்கம், 2024ல 1,360 கோடி பக்கம். கம்பெனியோட மொத்த மதிப்பு 2024ல 2008 உச்சத்தையே தாண்டிடுச்சு, ஆனா அன்னைக்கு 400க்கு வாங்குனவன் கைல அப்பவும் போட்ட காசுல அஞ்சுல ஒரு பங்குதான்! அதனால பத்து வருஷத்துல ஷேர் எண்ணிக்கை எப்படி மாறியிருக்குன்னு பாக்காம பழைய சார்ட்ட மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

புது டெக்னாலஜி, பேட்டரி, கிரீன் ஹைட்ரஜன்னு வர்ற ஆளுங்க கிட்ட "லேப்ல வேலை செய்யுதா"ன்னு கேக்காதீங்க, செய்யும். ஆயிரக்கணக்குல ஒரே தரத்துல செய்ய முடியுதா, காசு கொடுத்து வாங்குற கஸ்டமர் இருக்காங்களான்னு கேளுங்க. ஸ்வீடன் நார்த்வோல்ட்ல ஃபோக்ஸ்வாகன், கோல்ட்மேன் எல்லாம் காசு போட்டிருந்தாங்க, ஐரோப்பாவோட பேட்டரி நம்பிக்கையே அதுதான்னாங்க, சொன்ன அளவுக்கு செல் செஞ்சு தர முடியாம 2024ல பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டர கேன்சல் பண்ணுச்சு, 2025 மார்ச்ல திவால்.

ஐபிஓன்னா டிஆர்எச்பில, அதாவது கம்பெனி செபிகிட்ட கொடுக்குற வரைவு விளக்க அறிக்கைல, "ஆப்ஜெக்ட்ஸ் ஆஃப் தி ஆஃபர்" பக்கத்த மட்டுமாவது படிங்க, வர்ற காசு ஃபேக்டரிக்கு போகுதா இல்ல பழைய முதலீட்டாளர் பைக்கு போகுதான்னு தெரிஞ்சிடும். ஐரிடா 2023 நவம்பர்ல 32 ரூபாய்க்கு வந்து அடுத்த ஜூலைல 300 தாண்டுச்சு, அப்புறம் பாதிக்கும் கீழ வந்துச்சு, கம்பெனி அதே கம்பெனிதான், கடன் கொடுக்குற வேலையும் அதேதான், விலை மட்டும்தான் ஆடுச்சு. எவ்வளவு நல்ல கம்பெனியா இருந்தாலும் எந்த விலைக்கு வாங்குறோங்கறது இருக்கே.

இவ்வளவு வேலை பாக்க நேரமில்லன்னு சொல்றவங்களுக்கு ஒரு வழி இருக்கு, விலை குறையறதால லாபம் பாக்குற பக்கம் போய் உக்காருங்க, அதாவது வாங்கறவன் பக்கம். சொந்த வீடு, மேல நிழல் விழாத மொட்டை மாடி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல ஓட்டுறீங்கன்னா மூணு கிலோவாட் சோலார் போடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு சராசரியா நாளுக்கு 12 யூனிட் பக்கம் தரும், 500 தாண்டுனாலே மொத்த ஸ்லாபும் மாறி பில்லு எகிறும்ல, அந்த மேல் பகுதிய இது வெட்டிடும். ரெண்டு மாசம் 200, 250 யூனிட்தான் வருதுன்னா அவசரமே இல்ல, ஏற்கனவே இலவச யூனிட் வேற இருக்கு, போட்ட காச எடுக்க ரொம்ப வருஷம் ஆகும். பிரதமர் சூர்ய கர் திட்டத்துல முதல் ரெண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000, மூணாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 மானியம், அதுக்கு மேல எத்தன கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். நேஷனல் போர்ட்டல்ல நீங்களே உங்க மின் இணைப்பு நம்பர போட்டு பதிவு பண்ணுங்க, வெண்டர் போன்ல ஓடிபி சொல்லிட்டு சும்மா இருக்காதீங்க. மூணு கொட்டேஷன் வாங்குங்க. கொட்டேஷன்லயும் பில்லுலயும் "டிசிஆர் பேனல்"னு எழுதி இருக்கணும், செல்லும் பேனலும் இந்தியால செஞ்சதா இருந்தாத்தான் மானியம், வெலை கம்மின்னு வேற பேனல மாட்டிட்டு போயிட்டான்னா அந்த 78,000 வராது.