ஏரிப் பனி உருகிய முதல் வாரங்களில் கிராப்பி மீன் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏரிப் பனி உடைந்து தண்ணீர் கண்ணில் பட்டதும், குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் கிடந்தவர்களுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். மினியாபொலிஸ் பக்கத்திலுள்ள மினடாங்கா ஏரியில் பெரும்பாலும் ஏப்ரல் நடுவாக்கில் பனி கரைந்துவிடும். வடகோடி ஏரிகளுக்கு மே மாதம்கூட ஆகலாம். வால்ஐ மீனுக்கு மே பாதிவரை காத்திருக்க வேண்டும். கிராப்பிக்கு ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. கிராப்பி என்ற பெயரை ஆங்கில எழுத்துகளைப் பார்த்து உச்சரித்தால் இந்தப் பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். தமிழில் எழுதியிருப்பதை அப்படியே வாசியுங்கள், சரியாக வரும்.

1. உரிமம்

16 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் கட்டாயம். ஒருவர் பொதுவாக 10 கிராப்பி வைத்துக்கொள்ளலாம், சில ஏரிகளில் அதைவிடக் குறைவு. படகுத்துறைப் பலகையில் எழுதியிருப்பார்கள், படித்துவிட்டு இறங்குங்கள்.

2. இடம்: முக்கால்வாசி வேலை இதுதான்

என் முதல் வசந்தத்தில் காலை 6 மணிக்கே போய், ஆழமான தண்ணீர் பக்கம் நின்று 11 மணிவரை தூண்டில் போட்டேன். ஒரு கடிகூட இல்லை. மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு அதே ஏரியின் வடகரைக்குப் போனால், இடுப்பளவு தண்ணீரில் மீன் கூட்டமாக நிற்கிறது!

காரணம் சூடு. கிராப்பி முட்டையிடுவது தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய பிறகுதான். இப்போது கரைக்கு வருவது சாப்பாட்டுக்காக. அடியில் கறுப்புச் சேறு உள்ள ஆழமில்லாத விரிகுடாக்கள் வெயிலை உறிஞ்சிச் சீக்கிரம் சூடாகும். அங்கே முதலில் நுண்ணுயிர்களும் பூச்சிகளும் பெருகும், அவற்றைத் தின்னப் பொடிமீன் வரும், பொடிமீன் பின்னால் கிராப்பி வரும். வடகரையில் தெற்கு வெயில் நேராக விழும், வாடைக்காற்றும் படாது. ஏரிகளை இணைக்கும் கால்வாய், படகு நிறுத்துமிடம், போன வருடத்து நாணல் தட்டை நிற்கும் ஓரம், எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள். ஆழம் 2 முதல் 5 அடி போதும்.

ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி மூன்று நான்கு இடத்தில் இறக்கிப் பாருங்கள். இரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும் இடத்தில்தான் நான் நிற்பேன். விடிகாலை எழுந்து போவதில் பயனில்லை. நாலு நாள் வெயில் அடித்த பிறகு வரும் பிற்பகல்தான் பொன்னான நேரம். திடீரென்று குளிர் திரும்பினால் மீன் அங்கிருந்து நகர்ந்து, விரிகுடா வாயருகே 8 முதல் 12 அடி ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே தேடுங்கள்.

3. சாமான்

ஏழடி மெல்லிய கம்பு, சின்ன ரீல், 4 பவுண்டு தாங்கும் நரம்பு, 1/32 அவுன்ஸ் ஜிக் (தலையில் எடைக்குண்டு வைத்த தூண்டில் முள்). நிறத்துக்காக மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெள்ளை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று வாங்கினால் போதும். தக்கை மட்டும் ஒல்லியானதாக இருக்கட்டும். உருண்டைத் தக்கையை இழுக்க மீன் சிரமப்படும், சட்டென்று இரையைத் துப்பிவிடும். முள்ளில் உயிருள்ள பொடிமீனை உதட்டில் கோத்துவிடுங்கள்.

4. போடுவதும் காத்திருப்பதும்

கிராப்பி மேல்நோக்கியே இரை தேடும். அதனால் இரை அதன் தலைக்கு மேலே தொங்க வேண்டும், கீழே போனால் கவனிக்காது. தக்கையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்குங்கள். எறிந்து அரை நிமிடம் சும்மா விடுங்கள், ஓரடி இழுங்கள், மறுபடி சும்மா விடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் இந்த மீன் எதையும் துரத்தி ஓடாது.

5. கடித்ததும்

தக்கை முங்கும் என்றே காத்திருக்காதீர்கள். சில நேரம் அது படுத்துவிடும். மீன் இரையைக் கவ்வி மேலே தூக்கியிருக்கிறது என்று பொருள். அப்போது ஊரில் ஜிலேபிக் கெண்டைக்கு இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுத்தால் கையில் வெறும் முள்தான் வரும். கிராப்பியின் வாய்த்தோல் காகிதம் மாதிரி, கிழிந்துவிடும். கம்பை மெல்ல உயர்த்தி, தளர்வு விடாமல் சுற்றி, வலையில் ஏந்துங்கள்.

6. முடித்துக் கிளம்பும்போது

ஓரடிக்கு மேல் நீளமானவற்றை நான் திரும்ப விட்டுவிடுவேன். தவாவில் வறுக்கச் சிறியவைதான் ருசி. படகில் போனால் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றவே கழற்றாதீர்கள், விழுந்தால் அந்தக் குளிரில் நல்ல நீச்சல்காரருக்கும் மூச்சடைக்கும். மிஞ்சிய பொடிமீனை ஏரியில் கொட்டுவது சட்டப்படி குற்றம். குப்பைத்தொட்டியில் போடுங்கள், வாளியிலுள்ள ஏரித் தண்ணீரைக் கரையிலேயே ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.