மஞ்சி போட்டு சிமெண்ட் பலகை வார்க்கலாம்

நான் கொத்தனார். ஊர் பொள்ளாச்சிப் பக்கம், தேங்காய் மஞ்சிக்கு, அதாவது மட்டை நாருக்கு, பஞ்சமில்லை. கோழிக்கூண்டுக்குப் பக்கப்பலகை வேண்டும் என்று வீட்டில் கேட்டபோது, மில்லிலிருந்து வந்த மஞ்சியை அப்படியே நறுக்கிக் கலவையில் போட்டேன். மறுநாள் அச்சைப் பிரித்தால் பலகை நகம் பட்டாலே உதிர்ந்தது. சிமெண்டைத் திட்டினேன், குற்றம் மஞ்சியில். நாரிலிருந்து இறங்கும் கறையும் சர்க்கரையும் சிமெண்டை இறுக விடாது. சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விடுவார்களே, அந்த நினைப்பில் இங்கேயும் வெல்லம் கரைத்துவிடாதீர்கள்.

அதனால் பாதி வேலை மஞ்சியை அலசுவதுதான். நார்த்தூளை உதறிவிட்டு, டிரம்மில் ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். முதல் தண்ணீர் கட்டன் டீ நிறத்தில் இறங்கும். கொட்டிவிட்டு மாற்றுங்கள்; எனக்கு மூன்று, நான்கு தண்ணீர் ஆகிறது. தெளிந்ததும் நிழலில் உலர்த்தி ஓர் அங்குலத்துக்கு நறுக்குங்கள். நீளமாக விட்டால் சிக்கும்.

2 அடிக்கு 1 அடி, ஓர் அங்குலக் கனம், நான்கு பலகைக்கு: சிமெண்ட் 10 கிலோ, சலித்த மணல் 30 கிலோ, உலர்ந்த எடையில் மஞ்சி 100 கிராம். கையில் பார்த்தால் கொஞ்சமாகத்தான் தெரியும், இன்னொரு பிடி போட மனசு வரும். போடாதீர்கள், உருண்டை கட்டி உள்ளே பொந்து விழும். சிமெண்ட் பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) ஆகவே வாங்குங்கள். சிமெண்டின் காரம் நாளாக நாளாக நாரை அரிக்கும். பிபிசியில் இருக்கும் நிலக்கரிச் சாம்பல் அந்தக் காரத்தைக் குறைக்கும்.

மணலையும் சிமெண்டையும் வறட்டாகப் புரட்டியபின், மஞ்சியில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறிக்கொள்ளுங்கள். காய்ந்த நார் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். புட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவுவதுபோல ஒருவர் தூவ, இன்னொருவர் மண்வெட்டியால் புரட்ட வேண்டும். அப்புறம் தண்ணீர், சுமார் 5 லிட்டர், கொஞ்சம் கொஞ்சமாக. கலவை முரண்டு பிடிக்கும். தண்ணீரைக் கூட்டாமல், எண்ணெய் தடவிய அச்சில் போட்டுக் கட்டையால் தட்டி இறுக்குங்கள்.

மறுநாள் அச்சைப் பிரித்து, ஈரச்சாக்கு போர்த்திப் பத்து நாள் காயாமல் வையுங்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாரைக் கத்தரித்து, தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பால் பூசிவிடுங்கள். இல்லையென்றால் திரிபோல ஈரத்தை உள்ளே இழுக்கும்.

மஞ்சி கம்பிக்கு மாற்று இல்லை. தளம், பீம், ஆள் நடக்கும் சாக்கடை மூடி எதற்கும் இதை நம்பாதீர்கள். போன வருஷம் எங்கள் மாடு கூண்டில் முட்டியது. வெறும் சிமெண்ட் பலகை என்றால் இரண்டாகப் போயிருக்கும். இது குறுக்கே வெடித்தது. வெடிப்புக்குள் பழுப்பு நார்கள் இரு பக்கத்தையும் பிடித்துத் தொங்கின. பலகையை மாற்றும்வரை கோழி ஒன்றும் வெளியே போகவில்லை.